நூறு பேரில எத்தனை பேர் எண்டு போடுங்க ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் இரிக்கிற ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். 31 வருசம் படிப்பிச்சன், இப்ப வீட்ட இரிக்கிறதால பேப்பர் வந்தா முதல் பக்கத்தில தொடங்கி மரண அறிவித்தல் வரைக்கும் ஒண்டும் விடாம வாசிக்கிறது. வாசகர் கடிதம் எண்டு இதுக்கு முதல் ஒருநாளும் எழுதினதில்ல. பேப்பரில வாற மருந்துச் செய்திகளப் பத்தி இப்ப எழுதுறதுக்குக் காரணம் எங்கட அத்தான்.

அத்தான் எண்டா அக்காவின்ட புருசன், ஆரையம்பதி, வயசு 67, தபால் கந்தோரில வேலை செஞ்சு பென்சன் எடுத்தவர். பன்னிரண்டு வருசமா சீனி வருத்தமும் பிரஷரும், கிளினிக் ஒண்டும் தவற விடமாட்டார், கிளினிக் கொப்பிய ஒரு சொப்பிங் பேக்கில சுத்தி, ரெண்டு ரப்பர் பேண்ட் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில வச்சிரிப்பார். போன வருசம் ஒருநாள் அக்கா கோல் எடுத்து, "புள்ள, அத்தான்ட கால்விரலில ஒரு புண், ரெண்டு கிழமையா ஆறுதில்ல, நீ ஒருக்கா வா" எண்டா. போய்ப் பாத்தா வெறும் வயித்தில சீனி 286. பன்னிரண்டு வருசத்தில ஒருநாளும் அப்பிடி ஏறினதில்ல. என்ன சாப்பிட்டீங்க, என்ன செஞ்சீங்க எண்டு கேட்டா ஒண்டும் சொல்லாம இரிந்தார், மறுகா அந்த சொப்பிங் பேக்க எடுத்துத் தந்தார். கொப்பிக்குள்ள நாலா மடிச்ச ஒரு பேப்பர் துண்டு இரிந்திச்சு.

கத்திரிக்கோலால நேரா, ஓரம் பிசகாம வெட்டின துண்டு. எந்தப் பேப்பர், எத்தனையாம் திகதி எண்டு அதில இல்ல, அதால ஆரையும் நான் குற்றம் சொல்ல வரல்ல. கை அகலம்தான் இரிக்கும். சீனி வருத்தக்காரரின்ட இதயத்தக் காப்பாத்துற புதுக் குளிசை, ஆபத்து மூண்டில ஒரு பங்கு குறையுது எண்டு கொட்டை எழுத்தில தலைப்பு. உள்ளுக்கு நாலே நாலு வசனம், கடைசி வசனம் 'என அந்நிறுவனம் தெரிவித்துள்ளது' எண்டு முடியுது. 'மூன்றிலொரு பங்கு' எண்ட இடத்துக்குக் கீழ அத்தான் சிவப்புப் பேனையால அடிமட்டம் வச்சுக் கோடு போட்டிரிக்கார்.

இதக் கொண்டு போய் ஒரு பாமசியில காட்டி, டொக்டர் எழுதின மருந்துத் துண்டும் இல்லாம, மாசம் ஒம்பதாயிரத்துக்கு மேல குடுத்து அந்தக் குளிசைய வாங்கிப் போட்டிரிக்கார், நாலு மாசம். புதுசும் பழசும் சேந்தா உடம்புக்கு ஆகாது எண்டு அவராவே முடிவெடுத்து, கிளினிக்கில தாற குளிசையெல்லாம் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள்ள போட்டுப் போட்டு வச்சிரிக்கார். அந்தப் போத்தல அக்கா கொண்டு வந்து மேசையில வச்சா, முக்கால்வாசிக்கு நிரம்பி இரிந்திச்சு, வெள்ளைக் குளிசை எல்லாம்.

கிளினிக்குக்கு நானும் கூடப் போனன். அந்த டொக்டர் பிள்ளை கோவப்படல்ல, நல்ல பிள்ளை, துண்ட வாங்கி வாசிச்சுப் போட்டு, "ஐயா, இது நல்ல மருந்துதான். ஆனா இத பழைய குளிசைக்கு மேலால போட்டுத்தான் சோதிச்சவங்க. பழசை நிப்பாட்டிப் போட்டுப் போடச் சொல்லி ஆரும் சொல்லல்ல" எண்டார். அத்தான் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் காதுக்குள்ள நிக்குது. "அத ஏன் டொக்டர் பேப்பரில போடல்ல?"

புண் ஆற ஆறு கிழமை போச்சு. ஒண்டை விட்டு ஒருநாள் ஓட்டோ புடிச்சுப் போய் மருந்து கட்டினது. விரல் தப்பினது பெரிய புண்ணியம்.

அத்தான் படிக்காத மனிசன் இல்ல ஐயா. முப்பது வருசம் மற்றவங்கட தந்தியும் காசுக் கட்டளையும் எழுத்துப் பிசகாம வாசிச்ச மனிசன். அந்தத் துண்டில என்ன இரிந்திச்சோ அத அப்பிடியே சரியாத்தான் வாசிச்சிரிக்கார். இல்லாதத எப்பிடி வாசிக்கிற?

அதுக்குப் பொறகு எனக்கு நித்திரை வரல்ல. 'மூண்டில ஒரு பங்கு' எண்டா எதில மூண்டில ஒரு பங்கு? பின்னம் எண்டா எதின்ட பின்னம் எண்டு சொல்லோணும், சொல்லாட்டி அது கணக்கே இல்ல, இத நான் தரம் 6 பிள்ளைகளுக்கே அடிச்சு அடிச்சுச் சொல்லிக் குடுத்தன். மகன் கட்டாரில இரிக்கான், அவனிட்ட சொல்லி, மருந்துக் கம்பனிகள் ஆராய்ச்சி முடிவுகள சனத்துக்கு எப்பிடிச் சொல்றாங்க எண்டு தேடி எடுத்து, ரெண்டு மூண்டு மாசமா வாசிச்சன். வாசிக்க வாசிக்கத்தான் விளங்கினது, இது எங்கட அத்தானுக்கு மட்டும் நடந்த விசயம் இல்ல, உலகம் முழுக்க நடக்கிறது.

ஒண்டு சொல்றன். லிபிட்டோர் எண்டு ஒரு குளிசை, முந்தி பைசர் கம்பனி வித்தது. மூலப் பேர் அட்டோர்வஸ்டாட்டின். உங்களில கனபேருக்குத் தெரியும், இரவில போடச் சொல்லி கிளினிக்கில தாறதுதான், கொலஸ்ட்ரோலுக்கு. நானும் போடுறன். இதுக்கு அமெரிக்காப் பேப்பருகளில வந்த விளம்பரத்தில மாரடைப்பு 36 வீதம் குறையுது எண்டு பெரிசாப் போட்டு, 36க்குப் பக்கத்தில ஒரு குட்டி நட்சத்திரம் போட்டிரிந்தவங்க. அந்த நட்சத்திரத்தத் தேடிக் கீழ போனா சின்ன எழுத்தில இன்னொரு கணக்கு இரிக்கு. பெரிய ஆய்வு ஒண்டில, மருந்தில்லாத வெறுங்குளிசை போட்டவங்களில 3 வீதத்துக்கு மாரடைப்பு வந்த, லிபிட்டோர் போட்டவங்களில 2 வீதத்துக்கு வந்த. சரியான தசமத்தில சொன்னா 3.0ம் 1.9ம், அந்த வித்தியாசத்த 3.0ஆல பிரிச்சா 36 வீதத்துக்குக் கொஞ்சம் கூட வரும். கணக்கில பிழை இல்ல, ஆனா அந்த 36க்குள்ள என்ன இரிக்கு எண்டு பாருங்க.

எங்கட ஆஸ்பத்திரி கிளினிக் வாங்கில காலையில குந்தி இரிக்கிற நூறு பேர நினைச்சுப் பாருங்க, நம்பர் துண்டு கையில, பிளாஸ்டிக் போத்தலில தண்ணி, மடியில கொப்பி. அந்த ஆய்வில இரிந்தவங்க மாதிரி பிரஷரோட குறைஞ்சது இன்னும் மூண்டு ஆபத்துக் காரணம் உள்ளவங்க எண்டு வைங்க. மூண்டு வருசத்துக்கு மேல நூறு பேரும் ஒவ்வொரு இரவும் அந்தக் குளிசையப் போட்டா, 97 பேருக்கு போட்டாலும் போடாட்டியும் மாரடைப்பு வந்திராது. ரெண்டு பேருக்குப் போட்டும் வரும். ஒராளுக்கு வராமத் தடுக்குப்படும். அந்த ஒராள் ஆர் எண்டு ஆருக்கும் தெரியா, அதால நூறு பேரும் போடுறம். அந்த ஒராள் எங்கட அம்மாவா இரிக்கலாம், அது சின்ன விசயம் இல்ல, அதாலதான் நான் இண்டைக்கும் போடுறன். ஆனா 'நூறில ஒராள்' எண்டு கேட்டா ஒரு மனிசர் எடுக்கிற முடிவு வேற, '36 வீதம்' எண்டு கேட்டா எடுக்கிற முடிவு வேற. 36 வீதம் எண்ட உடன நூறு பேரில 36 பேர் தப்புறாங்க எண்டுதான் சனம் நினைக்கும், நான் எங்கட ஒழுங்கையில பத்துப் பேரிட்டக் கேட்டுப் பாத்தன், எட்டுப் பேர் அப்பிடித்தான் சொன்னாங்க, அதில ஒருத்தர் பேங்க்கில வேலை.

வகுப்பில இத நான் இப்பிடித்தான் சொல்லிக் குடுக்கிற. மூண்டு ரூபா டொபிய ரெண்டு ரூபாவுக்குத் தந்தாலும் மூண்டில ஒரு பங்கு கழிவு, முப்பது லட்சம் ரூபாக் காணிய இருபது லட்சத்துக்குத் தந்தாலும் மூண்டில ஒரு பங்கு கழிவு. பின்னம் ஒண்டுதான். கையில மிஞ்சுறது ஒண்டில ஒரு ரூபா, மற்றதில பத்து லட்சம். டொபியா காணியா எண்டு சொல்லாம 'மூண்டில ஒண்டு கழிவு' எண்டு மட்டும் போட் போட்டா அந்தக் கடைக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?

இங்க ஒண்டச் சொல்லாட்டி பாவம் வந்து சேரும். ஏற்கனவே மாரடைப்பு வந்து தப்பினவங்களுக்கு இந்தக் குளிசையால கிடைக்கிற நன்மை இதை விடக் கூட, ஏனெண்டா அவங்கட ஆபத்தே கூட. அதால இந்தக் கடிதத்த வாசிச்சுப் போட்டு ஒராளும் குளிசைய நிப்பாட்டக்கூடாது, ஹோர்லிக்ஸ் போத்தல் ஒண்டு கண்டது காணும் எனக்கு. கேள்வி இரிந்தா கிளினிக்கில கேளுங்க, கேக்கிறதுக்கு உங்களுக்கு உரிமை இரிக்கு.

நன்மையச் சொல்லக்குள்ள பெரிய இலக்கம், தீமையச் சொல்லக்குள்ள சின்ன இலக்கம், இதுதான் நான் கண்ட வழக்கம். அதில என்னய உலுக்கின கதை வயொக்ஸ். மேர்க் கம்பனியின்ட மூட்டுவாதக் குளிசை, 1999ல அமெரிக்காவில அனுமதி கிடைச்சு, எண்பதுக்கு மேல நாடுகளில வித்தது. இதையும் நப்ரொக்சன் எண்ட பழைய குளிசையையும் எட்டாயிரம் பேருக்குக் குடுத்து ஒப்பிட்டுப் பாத்த ஆய்வு 2000ம் ஆண்டு நவம்பரில, பேர்பெற்ற ஒரு அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையில வந்திச்சு. மாரடைப்பு வந்தது வயொக்ஸில 0.4 வீதம், நப்ரொக்சனில 0.1 வீதம். நீங்களும் நானும் எண்டா எப்பிடி எழுதுவம்? வயொக்ஸ் போட்டவங்களுக்கு நாலு மடங்கு எண்டு எழுதுவம். அவங்க எழுதினது நப்ரொக்சன் போட்டவங்களுக்கு மாரடைப்பு குறைவு எண்டு. நப்ரொக்சன் இதயத்தப் பாதுகாக்குது போல, அதால வந்த வித்தியாசம் எண்டு விளக்கம். அதே ரெண்டு இலக்கம்தான் ஐயா, திருப்பிப் போட்டு வச்சிரிக்காங்க. தன்ட மருந்தின்ட கெடுதி மற்ற மருந்தின்ட நன்மையாப் போச்சு. நான் அந்த வசனத்த வாசிச்சுப் போட்டு கொஞ்ச நேரம் சும்மா இரிந்தன். கணக்குப் படிப்பிச்ச ஆளுக்கு அது சரியான கவலை.

அதோட நிக்கல்ல. 2001 மே மாசம், வயொக்ஸ் இதயத்துக்குப் பாதுகாப்பானது எண்டத மீண்டும் உறுதிப்படுத்துறம் எண்டு கம்பனி ஊடக அறிக்கை விட்டது. அந்த வருசம் செப்டம்பரில அமெரிக்க மருந்து அதிகாரசபை எச்சரிக்கைக் கடிதம் அனுப்பி, இப்பிடி ஒரு கூற்று எங்களுக்கு விளங்கிக்கொள்ளவே ஏலாமக் கிடக்கு எண்டு எழுதினது. ஆனா அறிக்கை வந்த அண்டைக்கு எத்தனை பேப்பர் அத அப்பிடியே போட்டிரிக்கும், கடிதம் வந்த அண்டைக்கு எத்தனை பேப்பர் போட்டிரிக்கும்? 2004 செப்டம்பர் 30ம் திகதி கம்பனியே அந்த மருந்த உலகம் முழுக்கத் திருப்பி எடுத்தது, வேறொரு ஆய்விலயும் மாரடைப்பும் பக்கவாதமும் கூடினதக் கண்டு போட்டு. 2005 டிசம்பரில சஞ்சிகை ஆசிரியர்மார், முதல் கட்டுரையில மூண்டு மாரடைப்பு சேக்கப்படாம விடுபட்டிரிக்கு எண்டு கவலை தெரிவிச்சு எழுதினாங்க. 2007ல வழக்குகள முடிக்க 485 கோடி டொலர் குடுக்கச் சம்மதிச்சாங்க. காசு குடுத்தாச்சு, செத்தவங்க செத்தவங்கதான்.

பிழையாச் சொல்றது ஒரு வகை, சொல்லாமலே விடுறது இன்னொரு வகை. 2008ல வந்த ஒரு ஆய்வு, மனச்சோர்வு மருந்துகளப் பத்தி. அமெரிக்க அதிகாரசபையில பதிஞ்ச 74 பரிசோதனைகள எடுத்து, அதில எது எது சஞ்சிகைகளில வந்திரிக்கு எண்டு ஒவ்வொண்டாத் தேடிப் பாத்திரிக்காங்க. 38 பரிசோதனையில மருந்து வேலை செய்யிறதாத் தெரிஞ்சிரிக்கு, அதில 37 அச்சில வந்திச்சு. மிச்சம் 36ல முடிவு நல்லா இல்ல, இல்லாட்டி சந்தேகம். அதில 22 அச்சிலயே வரல்ல, 11 நல்ல முடிவு மாதிரித் தெரியுற விதமா எழுதுப்பட்டு வந்திச்சு, உள்ளத உள்ளபடி சொல்லி வந்தது 3.

இத மாக்ஸ் சீட்டாப் பாத்தா எனக்கு நல்லா விளங்குது. ஒரு பொடியன் 74 சோதினை எழுதி 38ல பாஸ். தகப்பனிட்ட 51 ரிப்போட்டக் காட்டுறான், அதில 48 பாஸ் எண்டு இரிக்கு. தகப்பன் நூத்துக்குத் தொண்ணூத்திநாலு தரம் பாஸ் எண்டு நினைச்சு ஊர் முழுக்கச் சொல்லித் திரியுறார், உண்மையில பாதிக்கு எள்ளளவுதான் கூட. பொடியன் பொய் சொன்னானா எண்டு கேட்டா, பதினொரு ரிப்போட்டில திருத்தினத விட்டா மிச்சமெல்லாம் உண்மையான ரிப்போட்தான். மேசை லாச்சிக்குள்ள ஒளிச்சு வச்ச 22 பெயில் ரிப்போட்டில தான் விசயம் இரிக்கு. அந்த 51ஐ மட்டும் வாசிச்சுப் போட்டு மருந்து எழுதின டொக்டர்மாரும் ஏமாந்தவங்கதான், அவங்களயும் குறை சொல்ல ஏலாது.

லாச்சியத் திறந்தா என்ன நடக்கும் எண்டதுக்கும் ஒரு கதை இரிக்கு, சீனி வருத்தக்காரர் எல்லாரும் அறிய வேண்டிய கதை. கிளாக்சோ ஸ்மித்கிளைன் கம்பனி, பக்ஸில் எண்ட மனச்சோர்வு மருந்த பிள்ளைகளுக்குக் குடுத்துப் பாத்த ஆய்வு முடிவுகள மறைச்சது எண்டு 2004ல நியூயோர்க் மாநில அரசு வழக்குப் போட்டது. சமாதானமாகப் போகக்குள்ள, இனிமே ஆய்வு முடிவுகள எல்லாரும் பாக்கிற மாதிரி வெளிய போடுறம் எண்டு கம்பனி ஒத்துக்கொண்டது. அப்பிடி வெளிய போட்டதுக்குள்ள அதே கம்பனியின்ட அவண்டியா எண்ட சீனிக் குளிசையின்ட ஆய்வுகளும் கிடந்திச்சு. ஸ்டீவன் நிசென் எண்ட இதய டொக்டர் இன்னொராளோட சேந்து அதுகளையும் எடுத்து, மொத்தமா 42 ஆய்வச் சேத்துக் கணக்குப் போட்டு, 2007ல வெளியிட்டார், மாரடைப்பு ஆபத்து 43 வீதம் கூடுது எண்டு. இந்த 43ம் நான் மேல சொன்ன மாதிரி ஒப்பிட்டுச் சொல்ற கணக்குத்தான், மாரடைப்பு வந்தவங்கட தொகை சின்னத் தொகை, அதையும் மறைக்காமச் சொல்லோணும். 2010ல ஐரோப்பாவில அந்தக் குளிசைய நிப்பாட்டினாங்க, அமெரிக்காவில கட்டுப்பாடு போட்டாங்க, இன்னொரு ஆய்வத் திரும்பப் பாத்துப் போட்டு 2013ல அந்தக் கட்டுப்பாட்டத் தளர்த்தினாங்க. எது சரி எண்டு அவங்க இன்னும் சண்டை புடிக்கட்டும். நான் கண்டது என்னெண்டா அந்தக் குளிசை சீனிய நல்லாக் குறைச்சது, கிளினிக்கில இலக்கம் அழகா இறங்கும், அதுக்குள்ள இதயத்துக்கு என்ன நடக்குது எண்ட கேள்விய வெளியாள் ஒராள் கேக்க ஏலுமாப் போனது, இலக்கம் எல்லாம் வெளிய கிடந்ததாலதான்.

கம்பனி எல்லாம் கெட்டது எண்டு நான் சொல்ல வரல்ல. அத்தான் உயிரோட இரிக்கிறதே அவங்க கண்டுபுடிச்ச மருந்தாலதான். ஒழுங்காச் சொன்ன நேரமும் இரிக்கு. 2020 நவம்பர் 18ம் திகதி பைசர் கொரோனா ஊசியப் பத்தி விட்ட அறிக்கையில 95 வீதம் பாதுகாப்பு எண்டதோட, 170 பேருக்கு வருத்தம் வந்த, அதில வெறும் ஊசி போட்டவங்க 162, உண்மையான ஊசி போட்டவங்க 8 எண்டு இலக்கத்தயும் சேத்துப் போட்டாங்க. ஆய்வில சேந்தவங்க நாப்பத்திமூவாயிரத்துக்கு மேல. மூண்டு கிழமையில முழுக் கட்டுரையும் சஞ்சிகையில வந்திட்டு. 162ம் 8ம் எண்டு சொன்னா தரம் 6 பிள்ளைக்கும் விளங்கும், எங்கட அக்காவுக்கும் விளங்கும்.

அதே மாசம் அஸ்ட்ராசெனக்கா, இஞ்ச முதல் முதல் போட்ட ஊசி, 70 வீதம் எண்டாங்க. பாத்தா அது 62ம் 90ம் எண்ட ரெண்டு குழுவச் சேத்து எடுத்த கணக்கு, ஒரு குழுவுக்கு முதல் ஊசி அரை அளவில போயிரிக்கு. அடுத்த மார்ச்சில அமெரிக்க ஆய்வில 79 வீதம் எண்டு திங்கக்கிழமை அறிவிக்க, இது பழைய தரவா இரிக்கலாம் எண்டு அதக் கண்காணிக்கிற நிபுணர் குழு கவலை தெரிவிக்க, வியாழக்கிழமை 76 எண்டு திருத்தினாங்க. மூண்டே மூண்டு வீதம்தான் ஐயா வித்தியாசம், ஊசி நல்ல ஊசி. ஆனா அந்தக் கிழமை எங்கட பக்கத்தில எத்தனை பேர் "அவனுகளே மாத்தி மாத்திச் சொல்றானுகள், எனக்கு ஊசி வேணா" எண்டு நிண்டாங்க. எங்கட ஒழுங்கையில ஒரு மாமி, பேர் சொல்ல விரும்பல்ல, கடைசி வரைக்கும் போடல்ல. அந்த மாமி இப்ப இல்ல.

இப்ப நம்மட நாட்டுக்கு வாறன். டொக்டர் எழுதித் தாற மருந்த நேரடியாச் சனத்துக்கு விளம்பரம் பண்ண விடுற நாடு அமெரிக்காவும் நியூசிலாந்தும்தான். நம்மட நாட்டில 2015ம் ஆண்டு 5ம் இலக்கச் சட்டத்தில உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இரிக்கு, அதின்ட அனுமதி இல்லாம மருந்துக்கு விளம்பரம் போட ஏலாது. பேராசிரியர் சேனக பிபிலே மாதிரி ஆக்கள் கம்பனிப் பேர விட்டுப்போட்டு மூலப் பேரில மருந்த எழுதச் சொல்லி அந்தக் காலத்திலயே பாடுபட்ட நாடு இது. ஆனா விளம்பரத்துக்குத்தானே பூட்டு, செய்திக்கு இல்லயே. கம்பனி ஊடக அறிக்கை எழுதும், வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் அதச் சுருக்கும், இஞ்ச இரவு வேலையில இரிக்கிற ஒரு தம்பி அத இன்னும் சுருக்கித் தமிழில எழுதுவார், பக்கத்தில எவ்வளவு இடம் மிச்சமோ அந்த அளவுக்கு வெட்டுவாங்க. வெட்டுப்படுறது எப்பவும் கடைசிப் பந்தி. எத்தனை பேரில சோதிச்ச, எவ்வளவு காலம், ஆர் காசு குடுத்த, பக்கவிளைவு என்ன எண்டதெல்லாம் அந்தக் கடைசிப் பந்தியிலதான் கிடக்கும். 'மூண்டில ஒரு பங்கு' தலைப்பில நிக்கும். அது விளம்பரம் இல்லாட்டி வேற என்ன ஐயா? காசு குடுக்காத விளம்பரம், அதோட உங்கட பேப்பரின்ட நல்ல பேரும் சேத்து.

அந்த நல்ல பேர்தான் என்னய எழுத வைக்குது. வாட்ஸ்அப்பில வாற மருந்துக் கதைய எங்கட பேரப்பிள்ளையே நம்பாது. பேப்பரில வந்தா அத்தான் கத்திரிக்கோல் எடுக்கிறார்.

கம்பனிகளிட்டயும் கேக்கோணும், கேக்காம விடக்கூடாது. ஐரோப்பாவில 2022 ஜனவரி 31ல இரிந்து நடைமுறைக்கு வந்த சட்டப்படி, மருந்துப் பரிசோதனை முடிஞ்சா படிக்காத சனத்துக்கும் விளங்குற மாதிரி ஒரு சுருக்கம் எழுதிப் போடோணும். அங்க ஏலுமெண்டா இஞ்ச ஏன் ஏலாது? அத்தான் வாங்கின பெட்டிக்குள்ள ஒரு கடதாசி இரிந்திச்சு, விரிச்சா பாய் மாதிரி, எழுத்து எறும்பு மாதிரி, முழுக்க இங்கிலீசு. நான் பூதக்கண்ணாடி வச்சு வாசிச்சன், பழைய மருந்தோட சேத்துப் போடுறதப் பத்தி அதில இரிக்குத்தான். தமிழில ஒரு வசனம் இரிந்திருந்தா அந்தப் போத்தல் நிரம்பியிராது. சிங்களம் மட்டும் தெரிஞ்ச அம்பாறை, உகனைப் பக்கத்து விவசாயிக்கும் இதே கதிதான், இது தமிழாக்களின்ட பிரச்சினை மட்டும் இல்ல.

உங்களிட்ட நான் கேக்கிறது பெரிய விசயம் இல்ல. மருந்துச் செய்தி போடக்குள்ள நூறு பேரில எத்தனை பேருக்கு முந்தி வந்த, இப்ப எத்தனை பேருக்கு வருது எண்ட ரெண்டு இலக்கம் போடுங்க. அந்த ரெண்டு இலக்கம் கம்பனியின்ட அறிக்கையில இல்லாட்டி, இல்ல எண்டே எழுதுங்க, அது ஒண்டே சனத்துக்குப் பெரிய செய்தி. ஆர் செலவழிச்ச ஆய்வு, சஞ்சிகையில வந்ததா இல்லாட்டிக் கம்பனி வாயாலதான் சொன்னதா, ஏற்கனவே போடுற மருந்துக்கு மேலாலயா பதிலாவா, இதுகளயும் ஒரு வரியில. தலைப்ப விட இதுக்கு இடம் ஒதுக்குங்க. சந்தேகம் வந்தா கேக்க ஆள் இல்ல எண்டும் சொல்ல ஏலாது, மட்டக்களப்பிலயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ட சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் இரிக்கு, போதனா வைத்தியசாலை இரிக்கு, ஒரு கோல் எடுத்து "இது உண்மையில எவ்வளவு பெரிய விசயம்" எண்டு கேட்டு அவங்க சொல்றதயும் சேத்துப் போடலாம். பிறகு அந்த மருந்தில பிழை கண்டுபுடிச்சா, முந்தி நல்லது எண்டு போட்ட அதே பக்கத்தில, அதே அளவு எழுத்தில போடுங்க.

எங்கட ஆக்களுக்கும் ஒரு வேலை இரிக்கு. ஓய்வு பெற்ற கணக்கு, விஞ்ஞான டீச்சர்மார் கல்முனை, காரைதீவு, செட்டிபாளையம், ஏறாவூர் எண்டு ஊருக்கு ஊர் இரிக்கம். கிளினிக் நடக்கிற நாளில காலையில ஆறு மணிக்கே சனம் வந்து குந்தி இரிக்கு, டொக்டர் வர ரெண்டு மணித்தியாலம் போகும். அந்த நேரத்தில ஒரு சோக்கட்டியும் கரும்பலகையும் தந்தா 36 வீதம் எண்டா என்ன எண்டு நான் பத்து நிமிசத்தில சொல்லிக் குடுப்பன். கிளினிக் மிஸ்மாரிட்டக் கேட்டிரிக்கன், மேல கேட்டுச் சொல்றம் எண்டிரிக்காங்க.

அத்தான்ட துண்டு இப்பவும் கொப்பிக்குள்ளதான் இரிக்கு, வீசச் சொன்னா வேணாமாம். அந்த மருந்தின்ட ஆய்வ மகன் எடுத்துத் தந்து, நூறு பேரில எத்தனை எண்ட ரெண்டு இலக்கத்தயும் நான் பென்சிலால அதின்ட ஓரத்தில எழுதி, அதுக்குக் கீழ 'பழைய குளிசைக்கு மேலால' எண்டும் எழுதி வச்சிரிக்கன். போன கிளினிக்கில டொக்டர் அத வாசிச்சுப் பாத்துப் போட்டு, அந்தக் குளிசை அத்தானுக்குத் தேவையா எண்டு இதயப் பரிசோதனை ஒண்டு செஞ்சு போட்டுப் பாப்பம் எண்டு திகதி போட்டுத் தந்திரிக்கார். வாற மாசம் 14ம் திகதி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
களுவாஞ்சிகுடி.